துக்க வீட்டு மீட்டர்

வீட்டுக்காரர் போன அன்றைக்கு மரகதம் வாய்விட்டு அழுததுதான் தப்பாகப் போயிற்று. கூடத்துச் சுவரில் இருந்த கரண்ட் மீட்டர் அதைக் கேட்டுக்கொண்டு, யூனிட் முப்பது ரூபாயை நானூறு ஆக்கிவிட்டது. யாருக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு கட்டணம். அதுதான் கம்பெனி சட்டம்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். "ஐயா, அவரை ஐஸ் பெட்டியில வெச்சிருக்கோம். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மக தோகாவுலேர்ந்து நாளைக்குத்தான் வர்றா. கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறோம்" என்றது குரல். மீட்டர் அறுநூறைத் தொட்டது.

முன்கூட்டிக் கட்டியிருந்த பணம் ராத்திரிக்குக்கூடத் தாங்காது. தீர்ந்தால் பெட்டி நின்றுவிடும். பக்கத்து வீட்டு ரெஜினாதான் காதோடு காதாக யோசனை சொன்னாள். ஒப்பாரி வைத்த பெண்களை அடக்கி, டிவியில் காமெடி போட்டு, எல்லோரையும் சிரிக்க வைத்தார்கள். சிரிக்கிற வீட்டுக்கு என்ன அவசியம் என்று மீட்டர் மெள்ள மெள்ள இறங்கியது.

மறுநாள் மத்தியானம் மகள் வேணி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். திகைத்துப்போய் நுழைந்தவள், கண்ணாடிக்குள் அப்பா முகத்தைப் பார்த்ததும் "அப்பா" என்று வாயெடுத்தாள். மரகதம் பாய்ந்துபோய் அந்த வாயைப் பொத்தினாள்.

"நாலு மணிக்கு எடுத்துருவாங்க. அதுவரைக்கும் அப்பா கெடாம இருக்கணும்டி."

மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்தபடியே, பொத்திய கையை மெள்ள விலக்கினாள்.

"சிரி."