சர்க்கரை போடாத காப்பி

கிண்ணத்தில் இறுத்து வைத்திருந்த கஷாயத்தைக் காப்பியில் ஊற்றிக் கலக்கினாள். தயங்குவதற்குக் கூடத்தில் இருப்பவன் என்ன மாமனா மச்சானா? அவள் புருஷனை வாயில் போட்டுக்கொண்டவன்.

கரண்டியை நக்கிப் பார்த்தாள். கசப்பு காப்பியோடு காப்பியாகக் கலந்திருந்தது. வாயை மாற்ற ஒரு பிடி சர்க்கரையை அள்ளிப் போட்டால் அதுவும் மணலாகக் கடிபட்டது. துக்க வீட்டில் எதுதான் இனிக்கப்போகிறது? துப்பிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் பச்சிலையார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் பொடி விற்றே மாடி வீடு கட்டியவர். பக்கத்தில் அவள் கொழுந்தன். எதிரே, அந்தப் பொடியை வேளை தவறாமல் விழுங்கும் அக்கம்பக்கத்துக்காரர்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு இவர் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்ட அவள் புருஷன், சர்க்கரை தாறுமாறாக இறங்கி, படுத்த படுக்கையிலேயே போய்விட்டான். பொடியில் ஏதோ இருக்கிறது என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். "இலை யாரையும் கொல்லாது. வீட்டுச் சாப்பாட்டை விசாரிங்க" என்று இவர் வாய் கூசாமல் அவள் பக்கமே திருப்பிவிட்டார். அன்றிலிருந்து கொழுந்தன் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"ஐயாகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க அண்ணி. இல்லேன்னா நான் போலீசுக்குப் போறேன்."

"கேக்கறேன் தம்பி. முதல்ல ஐயா காப்பி குடிக்கட்டும்."

"சர்க்கரை போடலையேம்மா? அது வெள்ளை விஷம்."

"துளிகூடப் போடலை."

பச்சிலையார் தயங்காமல் வாங்கிக் குடித்தார். அவள் விஷம் வைக்கிறவள் இல்லை என்பது அந்தக் கூடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே!

"நல்ல ஸ்ட்ராங்கு" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்காதா பின்னே? உங்க பொடியாச்சே. அவர் மிச்சம் வெச்சுட்டுப் போனதை மொத்தமாக் கொட்டிக் காய்ச்சினேன்."

பச்சிலையாரின் முகத்தில் ஈயாடவில்லை. "மொத்தமாவா?"

"ஏன் ஐயா பதறுறீங்க? இலை யாரையும் கொல்லாதே!"

"அடிப்பாவி! சர்க்கரை டப்பா எங்கே?" வேட்டி தடுக்கத் தடுக்க அடுக்களைக்குள் ஓடினார். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடியது. வெள்ளை விஷத்தை இரண்டு கையாலும் அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார். மென்றார். கண் பிதுங்கியது.

"ஐயோ, இனிக்கவே இல்லையே! நாக்கு செத்துப்போச்சு! என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா!"

அவர் துடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும் என்று வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "பொடியில என்ன இருக்குன்னு சொன்னாத்தானே அங்கே வைத்தியம் பார்ப்பாங்க?"

"மாத்திரைதான்! சர்க்கரைக்குப் போடற இங்கிலீஷ் மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கேன்! கண்ட தழையும் அதுவும்தான் பொடி! போதுமா? வழியை விடு தாயே!"

பக்கத்து வீட்டுக்காரர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தன் பாய்ந்து பச்சிலையாரின் சட்டையைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க? இந்த ஆள் செத்தா நீங்கதானே ஜெயிலுக்குப் போகணும்!"

அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தரையில் சர்க்கரையோடு சர்க்கரையாகச் சரிந்து கிடந்தவரிடம் குனிந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா, நாக்கு கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உங்க பொடியைப் போலீசுக்குன்னு பத்திரமா வெச்சிருக்கேன். நீங்க குடிச்சது இனிப்பை மறக்கடிக்கிற அசல் சிறுகுறிஞ்சான்!"