வெள்ளையடிக்க வந்தவர்

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது புரோக்கர் வந்துவிட்டார்.

கூடத்துக் கட்டிலில் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா, சும்மா மூடியிருக்கிறாரா, கடவுளுக்கே வெளிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள் முதல் இப்படித்தான். அவள் அடிக்கடி கிட்டே போய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

இதயத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதுவரை மனசு அதிர்கிற மாதிரி எதுவும் அவர் காதில் விழக் கூடாது.

ஆபரேஷனுக்கு வீட்டை விற்க வேண்டும்.

விற்பது தெரிந்தால் ஆபரேஷன் வரைக்கும் அவர் தாங்க மாட்டார்.

இதில் எந்தப் பக்கம் போய் முட்டிக்கொள்வது?

வீடு அவள் பேரில்தான் இருந்தது. ஆசை ஆசையாக அவள் பேரில் வாங்கியவர் அவர். இப்போது அவர் கையெழுத்து தேவையில்லை.

எந்தப் புரோக்கரும் வீட்டைப் பார்க்காமல் விலை பேச மாட்டார். பார்க்க வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் போனிலேயே கெஞ்சினாள். வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டர் மாதிரி வாங்க, விக்கிற பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க.

எல்லோரும் சரி சரி என்றுதான் சொன்னார்கள்.

முதலில் வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நடுக்கூடத்தில் நின்று, வாசல் கிழக்குதானேம்மா, பார்ட்டி முதல்ல அதைத்தான் கேப்பாங்க, என்று ஆரம்பித்தார். அவள் இருமி இருமியே அவரை வெளியே தள்ளினாள்.

அடுத்தவர் பாவம், நல்ல மனிதர். என்ன பெயின்ட் அடிக்கப் போறீங்க என்று கணவர் கேட்டதும் திருதிருவென்று விழித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போய்விட்டார்.

அன்றைக்கெல்லாம் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். அவள் செத்துப் பிழைத்தாள்.

இப்போது இந்த மதிவாணன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போய் வணக்கம் சொன்னார். டேப்பை எடுத்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, உதிர்ந்த சுண்ணாம்பை உள்ளங்கையில் ஏந்திக் கணவருக்குக் காட்டினார்.

"பட்டி பாக்காம அடிச்சா நிக்காது சார். என் மச்சினன் வீட்லயும் இதே ஓதம்தான். அவரும் உங்கள மாதிரி ஆபரேஷன் ஆனவரு. வாசனை ஆகாதுன்னு ஒவ்வொரு ரூமா அடிச்சுக் குடுத்தேன். இப்ப ஜம்முனு இருக்காரு."

கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவராக எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. படுக்கையறைக்கு இளம்பச்சை அடிக்க வேண்டும் என்றார். அவளுக்குப் பிடித்த நிறம் என்றார்.

மதிவாணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்படியே கொல்லைப்புறம் வரை அளந்தும் முடித்தார்.

அவளுக்கு அந்த மனிதர் காலில் விழலாம் போலிருந்தது. இவர்தான். இனி வேறு யாரும் வேண்டாம்.

சுற்றுச்சுவர் மறைவில் வைத்து அதைச் சொல்லியும்விட்டாள். வாங்குகிறவர்களின் வக்கீல் அசல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பார், நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்றார் மதிவாணன். அவள் யோசிக்கவே இல்லை. முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் அதை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"சாருக்குத் துளி சந்தேகம் வரல, பாத்தீங்களா?" என்று பெருமையாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்கம்மா. என் கூடப்பிறந்த அக்கா வீடு மாதிரி நெனச்சு முடிச்சுத் தரேன்" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொன்ன அதே குரல். அதே நிதானம். அதே கண்.

இரண்டுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள்.

வண்டி கிளம்பிவிட்டது.

அவள் கேட்டை நோக்கி இரண்டடி வைத்தாள். நிறுத்துங்க, என் பத்திரத்தைக் குடுத்துட்டுப் போங்க. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

ஜன்னலில் கணவர் நின்றிருந்தார். யார் துணையும் இல்லாமல் எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு. முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நல்ல மனுஷன். மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார்.

வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. ஒரு சத்தம் போட்டால் கேட்கும்.

அவள் வாயை மூடிக்கொண்டு, போகிற வண்டிக்குக் கையசைத்தாள்.