முந்நூறும் பாஸ்

“முந்நூறும் பாஸ்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவையாவது வெர்ஷன் நம்பரைப் பாத்தீங்களா?”

பக்கத்து சீட் சிடுமூஞ்சி கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரி மெஷினுக்குள் போகும் சின்ன போர்டு அது. அதில் புதிதாக ஏற்றிய கெர்னல், அதாவது போர்டை இயக்கும் மென்பொருள், ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். மூன்று வாரமாக அதை முந்நூறு தடவை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு, அவளுக்குக் கையே மரத்துப்போயிருந்தது. இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் மழைதான் கொட்டும்.

ஆனாலும் பார்த்தாள். திரையில் இருந்தது பழைய நம்பர்.

புதிய கெர்னல் எழுந்திருக்க மறுத்தால், அதைக் கிளப்பிவிடும் பூட்லோடர் சத்தம் போடாமல் பழையதை எழுப்பிவிடும். டெஸ்டுக்கு முன்னால் அந்த வசதியை நிறுத்திவைக்க வேண்டும். அவள் மறந்துவிட்டாள். புதுசு ஒரு தடவைகூட எழுந்திருக்கவே இல்லை.

ரிப்போர்ட் மேனேஜருக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்த மாதத்தோடு அவள் காண்ட்ராக்ட் முடிகிறது. காண்ட்ராக்ட் போனால் கம்பெனி இன்ஷூரன்ஸும் போகும். அடுத்த மாதம் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன்.

சிடுமூஞ்சி காபி எடுக்கப் போன நேரத்தில் மேனேஜருக்கு மெயில் அடித்தாள். ‘ரிசல்ட் தப்பு. போர்டை எனக்கு செட் பண்ணிக் கொடுத்தவர் பக்கத்து சீட்காரர். பழையதை எழுப்பும் வசதியை நிறுத்த அவர்தான் மறந்துவிட்டார்.’

அனுப்பிவிட்டு மெயிலை மூடினாள்.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மேனேஜர் கையை நீட்டி நீட்டிக் கத்துகிறார், இவர் என்னவோ சொல்கிறார். தொலைந்தோம் என்று அவள் மேஜையை ஒழிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து அவள் முறை.

“கேட்டேம்மா. ‘ஆமா சார், நான்தான் மறந்துட்டேன்’னு ஒத்துக்கிட்டார். இந்த வருஷம் அவருக்கு ப்ரமோஷன் கிடையாது. நீங்க முதல்லேர்ந்து டெஸ்ட் பண்ணுங்க. காண்ட்ராக்டை ஆறு மாசம் நீட்டிடறேன்.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்த போர்டை அவர் தொட்டதுகூட இல்லை.

சீட்டுக்குத் திரும்பியவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

“சார், நான்...”

அவர் திரும்பவே இல்லை. குரலில் அதே சிடுசிடுப்பு.

“நீங்க போன்ல அழறது பக்கத்து சீட்டுக்குக் கேக்காதா? முதல்ல உங்க வீட்டுக்காரர் ஆபரேஷன் முடியட்டும். உண்மையை அப்புறம் நீங்களே போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க.”