எதிர்வாசல் கசாயக்காரி

"ஆதாரம்தானே வேணும்? இன்னைக்கே அனுப்புறேன் சார். வீடியோவாவே அனுப்புறேன்!"

நர்ஸ் மொஜிசோலா போனை டக்கென்று வைத்தாள்.

மறுமுனையில் பேசியவர் வட்டார சுகாதார அதிகாரி. எதிர்வாசல் கசாயக்காரி மேல் அவள் சொன்ன புகாருக்குத்தான் ஆதாரம் கேட்டார். "விட்டுத் தள்ளும்மா, என் முதுகுவலிக்கே அவ கசாயம்தான் கேக்குது" என்று சிரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் பொறுப்பேற்று ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக வாசலுக்கு நேர் எதிரே, கிழிந்த குடைக்குக் கீழே, பழைய தண்ணீர் பாட்டில்களில் கசாயத்தை நிரப்பி விற்றுக்கொண்டிருக்கிறாள் அந்தப் பொம்பளை. மூத்த மகன் பெயர் சிகிரு. அதனால் தெருவுக்கே அவள் 'இயா சிகிரு'. சிகிருவின் அம்மா.

உள்ளே பெஞ்சில் நாலு பேர்தான். ரேடியோவில் டாக்டர்கள் ஸ்டிரைக் ஒன்பதாம் நாள் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மந்திரி ஒருவர் முழங்கால் சிகிச்சைக்கு வெளிநாடு கிளம்பிவிட்டாராம்.

"அவர் முழங்காலுக்கு லண்டன். நம்ம முழங்காலுக்கு இந்தப் பெஞ்சு" என்றார் ஒரு பெரியவர்.

பெஞ்சே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க! எதிர்த்தாப்புல போய் நாலு நாள் கசாயம் குடிச்சிட்டு, உசிரு தொண்டைக்கு வந்தப்புறம் இங்க வந்து என் உசிரை வாங்குங்க!"

அவர்களை அதட்டிவிட்டு மொஜிசோலா தெருவில் இறங்கினாள். ரீசார்ஜ் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, போனில் வீடியோவை ஓடவிட்டாள்.

இயா சிகிருவின் முன்னால் ஒரு பெண், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இயா, ரெண்டு நாளா காய்ச்சல். நல்லா கெட்டியா ஒரு பாட்டில் குடுங்க."

இயா சிகிரு எழுந்து குழந்தையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"சீட்டு எங்க?"

"என்ன சீட்டு?"

"ஊருக்குப் புதுசா நீ? ஒரு சொட்டு ரத்தம் குடுத்தா, என்ன காய்ச்சல்னு எழுதித் தருவாங்கல்ல, அந்தச் சீட்டு. அது இல்லாம ஊத்தினா என் கசாயம் வேலை செய்யாது."

"எங்க போய் வாங்க?"

"அதோ, எதிர்த்தாப்புல."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "ஆஸ்பத்திரியா? மந்திரிங்களே நம்பாம ஃப்ளைட் ஏறிப் போறாங்க. நான் நம்பணுமா?"

"அவங்க பறப்பாங்கடி. நீ பறப்பியா? ரோட்டைத் தாண்டு, போதும்."

"என் மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா, இயா."

"கசாயக்காரிதான் சீட்டு கேட்டான்னு சொல்லு. வாயைத் திறக்க மாட்டா. அவங்க மாத்திரை குடுத்தா மூணு நாளும் விடாம போட்டுடணும். ஒரு வேளை தப்பினாலும் என் கசாயம் கோவிச்சுக்கும். ஓடு!"

அந்தப் பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரிப் படியில் ஏறுவது மொஜிசோலாவின் போனில் பதிவாகிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளாகக் காய்ச்சல்காரர்கள் முதல் நாளே வர ஆரம்பித்திருந்தார்கள். தான் சுவரில் ஒட்டிய போஸ்டர்தான் காரணம் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள் அவள்.

"நர்ஸம்மா, படம் பிடிச்சாச்சா?" திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள் இயா சிகிரு. "ஆச்சுன்னா நிழலுக்கு வாங்க. வெயில் மண்டையைப் பொளக்குது."

மொஜிசோலா வெளியே வந்தாள். வெட்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து முகர்ந்தாள்.

"இதுல என்ன போடுறே?"

"எலுமிச்சைப்புல், இஞ்சி. கசப்புக்கு ஒரு பிடி இலை. குடிச்சா வேர்க்கும். கெடுதல் இல்ல."

"இவ்வளவு விவரம் தெரிஞ்சவ, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! கேட்டுட்டு அடுத்த தெரு கசாயக்காரிகிட்ட போயிட்டாங்க. என் கசாயம் சீட்டு கேக்குதுன்னு சொன்னாத்தான் உங்ககிட்ட வர்றாங்க."

மொஜிசோலாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"இப்ப நல்லா பேசுறே. மழைக்காலத்துல அந்த வாசியு, நாலு வயசுப் பையன், என் கையிலதான் செத்தான். நாலு நாள் உன் கசாயம்தான் குடிச்சிருந்தான். இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

இயா சிகிரு அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடினாள்.

"இல்லேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான்தான் குடுத்தேன். அந்தப் பாவம் என்னோடது. அன்னையிலேர்ந்துதான் சீட்டு இல்லாம யாருக்கும் ஊத்துறதில்ல."

"அவன் அம்மாவுக்காவது புத்தி வேண்டாம்? முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

இயா சிகிரு முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தா, நர்ஸம்மா. முதல் நாள் காலையிலேயே உங்ககிட்டதான் வந்தா. 'தடுப்பூசி போடக் கூப்பிட்டா ஓடி ஒளிவீங்க, காய்ச்சல் வந்தா மட்டும் நான் வேணுமா? போய் ஊசி அட்டையை எடுத்துட்டு வா'ன்னு நாலு பேர் முன்னாடி திட்டி அனுப்பிட்டீங்களாம். அழுதுக்கிட்டேதான் இந்தக் குடைக்குக் கீழ வந்து நின்னா."

மொஜிசோலாவுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் முகம்தான் வரவில்லை.

"இதை... யார்கிட்டயெல்லாம் சொன்னே?" என்றாள் மெல்ல.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா, நான் அனுப்புற சனம் உங்க வாசலை மிதிக்குமா?"