செத்துப்போன தவளையின் சந்தேகம்

அந்தக் குளத்தில் மழை விட்ட சாயங்காலங்களில் யாராவது ஒரு தவளை சந்தேகம் கேட்கும். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். ஒரு நாள் பச்சைத்தவளை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது.

தொண்டைக்கட்டுக்கு மருந்து கேட்டவரிடம், "எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிழக்குக் கரைப் பொந்துக்குப் போனேன், எல்லாம் சரியாகிவிட்டது" என்றது. குஞ்சுகளுக்கு இன்னும் வால் மறையவில்லையே என்று கவலைப்பட்டவரிடமும் அதே பொந்தைத்தான் சொன்னது. நம்பிப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை.

புள்ளித்தவளைக்குப் பொறி தட்டியது. தாமரை இலைமேல் ஏறிக் கத்தியது. "ஐயா, நான் செத்து மூணு நாளாச்சு. என்ன செய்யலாம்?"

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றது பச்சை. "கிழக்குக் கரைப் பொந்துக்குப் போனேன்..."

குளமே குலுங்கிச் சிரித்தது. சிலர் திட்ட வாயெடுத்தார்கள்.

"வேண்டாம், திட்டினா அதுக்கும் இதையேதான் சொல்லும். யாரும் பேச்சே கொடுக்காதீங்க" என்றது புள்ளி.

பச்சை மூன்று நாள் தனியாகக் கத்திப் பார்த்தது. அதை ஆள் பிடிக்க அனுப்பிய பொந்துப் பாம்புக்குப் பசி பொறுக்கவில்லையோ என்னவோ, நான்காம் நாள் அதைக் காணோம்.

மறுவாரம் பாசிக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "நான் இங்க புதுசுங்க."

புள்ளி துள்ளி எழுந்தது. "வாங்க, வாங்க. நான் செத்துப் பத்து நாளாச்சு, ஏதாவது வழி சொல்லுங்களேன்."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "செத்தப்புறமுமா இவ்வளவு சத்தமா கத்துறீங்க?"

குளம் முழுக்க ஒரே கும்மாளம். புள்ளி நகர்ந்து, தன் இலையில் அவருக்கு இடம் விட்டது.