எலியின் இடப்பக்கம்

கௌரி எலியின் வயிற்றைக் கிழித்தாள். மூச்சு நின்றதும் சிறுநீரகத்தை வெட்டி, அழுகாமல் காக்கும் போமலினில் போடாவிட்டால் ஆராய்ச்சிக்கு உதவாது. பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும். சிறுநீரகம் மாற்றிய தம்பிக்கு இன்றைக்கு ஸ்கேன். புதுச் சிறுநீரகம் நின்றுபோனால் ஆள் தப்பமாட்டான்.

“நீங்க எலியப் பாக்கிறத விடக் கூடுதலா நேரம், போற வழியில கொள்ளுப்பிட்டி செக்பொயிண்ட்ல ஆமிக்காரன் உங்கட ஐடென்டி கார்டப் பாப்பான். கெதியா வெட்டுங்க!” என்றான், போன கிழமை ஆய்வுகூடத்தில் சேர்ந்த ஸவாஹிர்.

“பகிடியை விட்டுட்டு இதைப் பாருங்கோ.”

எலிகளுக்குத் தீராத சிறுநீரக நோயை வரவழைத்துப் படிப்பதுதான் அங்கே வேலை. இந்த எலியின் இடது சிறுநீரகத்தைப் பொங்கலுக்கு முன்பு முழுதாக வெட்டி எடுத்தவள் கௌரியேதான். தையல் தழும்பு அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன.

ஸவாஹிர் அலுமாரியைத் திறந்தான். அன்று எடுத்ததைப் போட்டு வைத்த போத்தலில் போமலின் மட்டும் இருந்தது. மூடியைச் சுற்றி ஊற்றிய மெழுகு உடைந்திருக்கவில்லை.

டெலிபோன் அடித்தது. அவன்தான் எடுத்தான். பிறகு வாய்ப்பகுதியைக் கையால் பொத்தினான்.

“வார்ட்டால கதைக்கிறாங்க. உங்கட தம்பிக்கு வெச்ச கிட்னி ஸ்கேன்ல இல்லியாம். வெச்ச இடம் வெறுமையா இருக்காம். குடுத்த ஆள உடன கூட்டிட்டு வரச் சொல்றாங்க. யாரு அது?”

கௌரி கையுறையைக் கழற்றினாள். இடுப்புக்கு மேலே தன் இடப்பக்கத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள்.