முதல் திட்டு

“ஏம்மா, பூனைக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

ஹலோ இல்லை, காலை வணக்கம் இல்லை. யென் ஷூஹுவா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அப்படியும் கேட்டது.

“என்ன ஆச்சு, டாக்டர்?”

“நாலரைக் கிலோ பூனை, நாப்பத்தஞ்சு கிலோன்னு காட்டுது! நடுவுல இருந்த புள்ளி எங்கே? முழுங்கிட்டியா? அதை நம்பி மருந்து போட்டிருந்தா பூனை இந்நேரம் சொர்க்கத்துல இருக்கும்!”

“மேக் கம்ப்யூட்டர்ல மட்டுமா டாக்டர்?”

“மேக்ல மட்டும்தான். அதுக்கு நான் சந்தோஷப்படணுமா?”

ஜியாயி ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் நாய், பூனை ஆஸ்பத்திரிகளுக்கு ஷூஹுவாதான் மென்பொருள் எழுதித் தருகிறாள். தனி ஆள். வரவேற்பு மேஜையில் விண்டோஸ், டாக்டர் அறையில் மேக், கையில் ஐபேட் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் தனித்தனியாக எழுத ஒரு ஜென்மம் போதாது. அவளிடம் இருந்த புரோகிராமிங் கருவியில் ஒருமுறை எழுதினால் மூன்றிலும் ஓடும்.

ஓடும் என்றுதான் அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். அதன் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஒன்று சரியாகும், இன்னொன்று கெட்டுப்போகும். கம்ப்யூட்டர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழையதோடு உட்கார்ந்திருக்கவும் வழியில்லை.

“அந்த ஓட்டை வண்டியைத் தலைமுழுகேன்” என்பான் கணவன் ஆதெங்.

“அப்படிச் சொல்லாதே. எனக்குக் கம்பெனியில வேலை போனப்போ நம்ம வீட்ல அடுப்பு எரிஞ்சது இந்த ஓட்டை வண்டியாலதான்.”

வாடிக்கையாளர்களிடமும் அவளுக்கு அதே நன்றிதான். “எல்லாரும் தங்கம். இத்தனை வருஷத்துல முகம் சுளிச்சு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தக் கோ டாக்டர் ஒருத்தர்தான் நான் புதுப் பதிப்பு அனுப்பின மறுநிமிஷமே பாய வந்துடறார்.”

இன்றைக்கும் போனில் கோ டாக்டர் நிறுத்துவதாக இல்லை.

“பூனைக்காரம்மா எதிர்லயே நிக்கறாங்க. இதை எழுதினவளுக்கு ரெண்டாம் வாய்ப்பாடே தெரியாதுன்னு சொல்லிட்டேன்!”

ஷூஹுவாவுக்கு முகம் சிவந்தது. சாயங்காலத்துக்குள் புள்ளியைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, அவளே போன் செய்தாள்.

“டாக்டர், இது நல்லா ஓடும். ஆனா உங்களுக்கு நான் அனுப்பறது இதுதான் கடைசி. இனிமே வேற ஆளைப் பாத்துக்கோங்க.”



“சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஆதெங்கோடு வெளியே போய் வான்கோழிச் சோறு சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினாள். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

வருஷப்பிறப்புக்கு முன்னால் அடுத்த பதிப்பு தயாரானது. கோ டாக்டரை மட்டும் விட்டுவிட்டு எல்லோருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலை போன் அடித்தது. எடுத்துப் பேசுவதற்குள் இன்னொன்று. அவளுடையது கிடைக்காமல் ஆதெங்கின் போனும் அடித்தது.

“மருந்துச் சீட்டுல எழுத்தே வரல, வெறும் கட்டம் கட்டமா அச்சாகுது!”

“வாசல் வரைக்கும் நாயும் மனுஷங்களுமா நிக்கறாங்க. என்ன விளையாடறீங்களா?”

“உங்களை நம்பினதுக்கு நல்லா செஞ்சீங்க!”

தங்கம் என்று அவள் சொன்ன அத்தனை பேரும். மேக் வைத்திருந்த ஒருவர்கூட மிச்சமில்லை. ஒருவர், வேறு மென்பொருள் வாங்கப்போவதாகவே சொல்லிவிட்டார்.

அவசர அவசரமாகச் சரிசெய்து அனுப்பி முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கடைசியாகப் பேசியது ஃபாங் டாக்டர். சின்ன வயசுக்காரி, சாது.

“யென் அக்கா, இந்தத் தடவை மட்டும் ஏன் இப்படி?”

“இந்தத் தடவை மட்டும் இல்லை ஃபாங். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு உடையத்தான் செய்யுது. உங்ககிட்ட மட்டும் எப்படி உடையாம இருந்ததுன்னுதான் எனக்குப் புரியல.”

“நாங்கதான் புதுசு வந்ததும் உடனே போட மாட்டோமே! ‘நான் போட்டுப் பாக்கறேன், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாதீங்க’ன்னு கோ டாக்டர் எங்க டாக்டர்ங்க குரூப்ல எழுதுவார். அவர் சரின்னு சொன்னப்புறம்தான் போடுவோம். இந்தத் தடவை கேட்டதுக்கு, ‘எனக்கு வரல’ன்னுட்டார். நாங்களே போட்டுட்டோம். ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா?”

ஷூஹுவா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே கோ டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் ஒரு கிழட்டு நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கட்டம் கட்டமா வந்துச்சாமே?”

அவள் தலை குனிந்து நின்றாள்.

“ஏன் டாக்டர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் உங்களைப் போய்...”

“சொன்னா? அப்புறம் நான் திட்டினா நீ பயந்துக்கிட்டு வேலை செய்வியா?”

பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஒருத்தன் திட்டினா அழுதுட்டுச் சரிபண்ணுவ. ஒரே நாள்ல அத்தனை பேரும் திட்டினா கடையை மூடிட்டுப் போயிடுவ. அப்புறம் நாங்க எங்கேம்மா போறது?”